தொல்மேராவின் ஜனாதிபதியும் ஒரு பொன்னாடையும்

அன்று படகுத்துறையில் மூடுபனி. டாக்சியின் முன்கண்ணாடிக்கு அப்பால் கடல் இருக்கிறது என்பதை நம்பித்தான் ஆகவேண்டும். நெசொட்டன் பக்கம் போகும் பயணிகள் படகு விளக்குகளை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது; உடம்பைக் காணவில்லை.

பின் இருக்கையில் இருந்தவர் கண்ணாடியை இறக்கினார். குளிர் உள்ளே வந்தது, அதோடு டீசல் மணமும் கடற்பாசி மணமும். அவர் வலது கையை வெளியே நீட்டி இரண்டு விரல்களை மெதுவாக உயர்த்தினார். உடனே படகு ஊதியது. விளக்குகள் நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் பனி அவற்றையும் வாங்கிக்கொண்டது.

"சரி, போகட்டும்," என்றார் அவர், யாரோ அனுமதி கேட்டுக் காத்து நின்றது போல.

சனிக்கிழமைதோறும் இது நடக்கும். அவர் கையைத் தூக்குவார், படகு புறப்படும். ஆரம்பத்தில் எனக்குக் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருந்தது. படகு புறப்படும் நேரமெல்லாம் அவருக்கு மனப்பாடம் என்பதைக் கனநாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

அவர் பெயர் கல்தேக். தொல்மேரா என்ற நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர். உலகப் படத்தில் தொல்மேராவைத் தேடினால் தாள் மடிப்பு விழும் இடத்தில்தான் இருக்கும், ஆகவே நீங்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒஸ்லோவில் நான் டாக்சி ஓட்டிய காலத்தைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து, "பெரிய ஆட்கள் ஒருவரும் ஏறவில்லையா?" என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஏறினார்கள். இவர் ஏறினார்.

மூடுபனிக்குள் கை நீட்டிய அதே காலையில்தான் நானும் அவரும் சண்டை பிடித்தோம். ஏன் பிடித்தோம் என்பது விளங்குவதற்கு அவருடைய அரசியல் கொஞ்சம் தெரியவேண்டும்.

கறுப்புக் கோட்டுக்காரர்

முதன்முதலில் அவரை ஏற்றியது ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில். எங்கள் ஆட்கள் முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் போகும் கடை ஒன்றின் வாசலில் நீளமான கறுப்புக் கோட்டுடன் நின்றார். கையில் தொலைபேசி அட்டை. நாங்கள் எல்லோரும் அந்தக் காலத்தில் நாணயத்தால் சுரண்டிச் சுரண்டி ஊருக்குக் கதைத்தோமே, அதே அட்டை. ஒரு முழங்கால் மடங்காததால் அவர் காருக்குள் வந்து சேரவே நேரம் எடுத்தது.

ஏறியதும் கோட்டிலிருந்து பூச்சி உருண்டை மணம் வந்தது. "மெதுவாகப் போங்கள்," என்றார். "நான் வேகத்தை எதிர்ப்பவன்."

எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். நீங்கள் எந்த நாடு என்று கேட்டேன். சொன்னார். அங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

"ஜனாதிபதி."

கண்ணாடியில் பார்த்தேன். மனிதர் சிரிக்கவில்லை. ஒஸ்லோவில் டாக்சி ஓட்டுபவர்களில் ஊரிலே டொக்டராகவும் எஞ்சினியராகவும் இருந்தவர்கள் எத்தனையோ பேர். பயணிகளில் ஒரு ஜனாதிபதி இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போனதும் என் மகள் மைதிலி இன்டர்நெட்டில் தேடிப் படத்தைக் காட்டினாள். கொடிகளுக்கு நடுவே, அதே மூஞ்சி, அதே கோட்டு.

"ஜனாதிபதி எண்டா ஏன் உங்கடை டாக்சியிலை வாறார்?" என்று கேட்டாள் என் மனைவி சுகந்தி. அதில் நாட்டைக் குறைத்தாளா, என் டாக்சியைக் குறைத்தாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முழங்கால் சத்திரசிகிச்சைக்கு என்று ஒஸ்லோ வந்தவர் அவர். முழங்கால் ஓரளவு சரியான பிறகும் போகவில்லை. தன் நாட்டுச் சிநேகிதர் ஒருவருடைய சின்ன அடுக்குமாடி வீட்டில் தங்கிவிட்டார். சனிக்கிழமை காலைகளில் என்னைக் கூப்பிடுவார். அட்டை வாங்குவோம், பிறகு படகு பார்க்கப் போவோம். நாங்கள் கதைத்தது நோர்வேஜிய மொழியில். இரண்டு பேருக்கும் அது இரவல் மொழி, ஆகவே இரண்டு பேரும் சின்னச் சின்ன வாக்கியமாகக் கதைப்போம். அந்த மொழியில் ஜனாதிபதிக்கும் 'நீ' தான், டாக்சிக்காரனுக்கும் 'நீ' தான். தமிழில் எழுதும்போது 'நீங்கள்' போட்டுக்கொள்கிறேன். இல்லாவிட்டால் கை கூசுகிறது.

இருக்கிறது இருக்கட்டும்

தொல்மேராவின் நடுவே ஓர் ஆறு. தலைநகரம் அதன் இரண்டு கரையிலும் இருக்கிறது. இடையில் பாலம் கிடையாது, ஓடம்தான். கல்தேக்கின் தகப்பன் அந்த ஓடத்தை ஓட்டியவர்.

இவர் இளைஞராக இருந்தபோது, அரசாங்கம் பாலம் கட்டப்போவதாக அறிவித்தது. இவர் ஓடத்தின் நடுவே ஏறி நின்று பாலத்துக்கு எதிராகப் பேசினார். அதுதான் அவருடைய முதல் அரசியல் கூட்டம்.

"ஓடத்தில் பேசுவது நல்லது," என்றார் என்னிடம். "நடு ஆற்றில் யாரும் எழுந்து போக முடியாது."

அப்படியே அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் பேசிப் பேசி நாடாளுமன்றம் போனார். அவருடைய பழமைவாதக் கட்சிக்கு ஒரே ஒரு கோஷம்: 'இருக்கிறது இருக்கட்டும்'. அமைச்சராகி ஒன்றுமே செய்யாமல் இருந்தார், சனம் சந்தோஷப்பட்டது. ஜனாதிபதியாக நின்றார், வென்றார், மறுபடியும் வென்றார்.

மற்றத் தலைவர்கள் கட்டியதைக் காட்டுவார்கள். இவர் கட்டாததைக் காட்டுவார். கோடையில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைக்க விடவில்லை. செவ்வாய்க்கிழமைச் சந்தையைச் சனிக்கிழமைக்கு மாற்ற விடவில்லை. பெருந்தெருவுக்காகப் பேரிக்காய் மரங்களைத் தறிக்க விடவில்லை. பாலத்தை மட்டும் அவர் ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தடுக்க வேண்டியிருந்ததாம்.

ஒருநாள் நான் கேட்டேன்: "ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வேறு மொழி பேசுபவர்களா?"

"இல்லை. அதே மொழிதான். ஏன்?"

"சும்மா," என்றேன். எங்களுக்கு எந்த நாட்டைக் கண்டாலும் முதலில் அதைத்தான் கேட்க வருகிறது.

எனக்கு அவருடைய அரசியல் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்கிறவர், இருக்கிற ஏற்பாட்டில் நல்ல இடம் கிடைத்தவராகத்தான் இருப்பார். ஆனால் அவர் சொல்லும்போது கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆற்றின் மேல் பேரிப்பூ உதிர்ந்து வெள்ளையாக மிதக்குமாம். ஓடம் வருவதற்கு முன்பே அதன் மணிச்சத்தம் வந்து கரையில் ஏறுமாம். மாலையில் அக்கரை விளக்குகளைப் பார்த்தால், அங்கே இருப்பவர்கள் எல்லோரும் கனவில் இருப்பது போலிருக்குமாம்.

வேலை முடிந்து லோறென்ஸ்கூக்கில் என் வீட்டுக்குப் போகும்போது, நான் ஒருநாளும் கண்டிராத அந்த ஆறு என் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். சிவப்பு விளக்கில் நின்றால், ஓடத்துக்குக் காத்து நிற்பதாக ஓர் எண்ணம் வரும். பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடிப்பான்.

சாம்பல் நிறப் போர்வை

கடைசியில் அவரை விழுத்தியது அந்த ஓடம்தான்.

ஒரு வசந்தகாலத்தில் ஆறு பெருகி ஓடம் ஓடவில்லை. அக்கரைக்கு மாவு போகவில்லை, டொக்டர் போகவில்லை. கிழமைக்கணக்காக அப்படிக் கிடந்தது. அடுத்து வந்த தேர்தலில் பாலம் கட்டுவேன் என்று ஒரு பொறியியலாளர் எதிர்த்து நின்றார். அக்கரை வாக்குப் பெட்டிகள் ஓடத்தில் வர வேண்டும். ஓடம் பிந்தியது. பொழுது பட்ட பிறகு வந்த பெட்டிகளை எண்ணக்கூடாது என்று ஒரு பழைய சட்டத்தைத் தூக்கிப் பிடித்தார் கல்தேக். எண்ணலாம் என்றது நீதிமன்றம். எண்ணினார்கள், இவர் தோற்றார்.

தொல்மேராவில் தோற்ற உடனே பதவி போய்விடாது. அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. பழைய ஜனாதிபதி மாளிகை முற்றத்தில் சனத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். புதியவர் வந்து ஒரு சாம்பல் நிறக் கம்பளிப் போர்வையை அவர் தோளில் போர்த்துவார். போர்வைக்குள் நின்றபடி அவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: 'என் முறை முடிந்தது, நான் வீட்டுக்குப் போகிறேன்.' சனம் எழுந்து நிற்கும். அவர் நடந்து வீட்டுக்குப் போவார். அதற்குப் பிறகுதான் அவர் முன்னாள்.

அந்த வாக்கியத்தைத் தன் மொழியில் எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டினார். கல்லுப் படியில் தண்ணீர் தட்டுவது போலிருந்தது. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார்.

அந்தப் பொறியியலாளர் கையால் போர்வை வாங்க அவருக்கு மனம் வரவில்லை. முழங்காலைச் சாட்டி விமானம் ஏறினார். புதிய அரசாங்கம் அவரைத் துரத்தவில்லை. எப்போதும் வரலாம், வந்தால் முற்றத்துக்கு வந்து போர்வையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டது. இவரும் போகவில்லை. ஆகவே தன் கணக்கில் இவர் இன்னமும் ஜனாதிபதி. பெயருக்கு முன்னால் 'முன்னாள்' போட்டு வரும் அழைப்பிதழ்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

இவருடைய மனைவி அங்கேயே இருந்தார். பெயர் மீர்தா. "யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்," என்று சொல்லி விமானம் ஏற மறுத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்தேக் அட்டையைச் சுரண்டி அவரோடு கதைப்பார். அடுப்பு புகைக்கிறது, பேரிக்காய் பழுத்துவிட்டது என்று கதை போகும். எப்போது வருகிறீர்கள் என்ற கேள்வியோடு அட்டை முடியும்.

சண்டை

இனி மூடுபனிக்கு வருகிறேன்.

படகு போய் மறைந்த பிறகும் அவர் கண்ணாடியை ஏற்றவில்லை. பனியைப் பார்த்தபடியே சொன்னார்: "மீர்தாவின் கண் மங்கிக்கொண்டு வருகிறது. இரண்டு கண்ணும் மெல்ல மெல்லப் போய்விடும் என்று டொக்டர் சொன்னாராம். முகம் தெரியும் காலத்துக்குள் வாருங்கள் என்றாள்."

"எப்போது போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அடுத்த தேர்தலுக்குப் பிறகு. வென்று போவேன்."

எனக்குக் கோபம் வந்தது. இங்கே என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் போர்நிறுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. லோறென்ஸ்கூக்கிலும் லில்லெஸ்ட்ரோமிலும் இருந்த எங்கள் ஆட்கள் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வந்தார்கள். நானும் போனேன். எங்கள் வீடு இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. முள்ளுக்கம்பி வரைக்கும் போய், நுனிக்காலில் நின்று, கூரையாவது தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. திரும்பி வந்து டாக்சி ஓட்டினேன்.

அதனால் சொன்னேன். இரவல் மொழியில் கோபப்படுவது கஷ்டம், சொல் அகப்படாது. அன்று எல்லாச் சொல்லும் அகப்பட்டது.

"உங்களுக்கு வீடு இருக்கிறது. வழி இருக்கிறது. வாசலில் மனைவி இருக்கிறார். நடுவில் இருப்பது ஒரு போர்வை மட்டும்தான். எனக்கு வழியில் முள்ளுக்கம்பி இருக்கிறது. போர்வையாக இருந்தால் நான் எத்தனை வேண்டுமானாலும் போர்த்துக்கொள்வேன்."

நான் விடவில்லை.

"பழைய வழக்கம் எல்லாவற்றையும் காப்பாற்றினேன் என்கிறீர்கள். சந்தையை விடவில்லை, மணிக்கூட்டை விடவில்லை. உங்கள் தோளில் விழவேண்டிய வழக்கத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டு ஓடிவந்தீர்கள்?"

அவர் கண்ணாடியை ஏற்றினார். "வீட்டுக்கு," என்றார். வீட்டு வாசலில், முழங்கால் மடங்காமல் கஷ்டப்பட்டபோதும் என் கையைப் பிடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கூப்பிடவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. ஒருநாள் படகுத்துறைப் பக்கமாகப் போனேன். படகுகள் யாருடைய அனுமதியும் இல்லாமல் புறப்பட்டுக்கொண்டிருந்தன.

பிரதம விருந்தினர்

அந்த நேரம் பார்த்து எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் வந்து பிடித்தார்.

"தயா, உம்மடை ஜனாதிபதியைக் கலைவிழாவுக்குப் பிரதம விருந்தினராக் கொண்டு வாரும். எங்கடை பிரச்சினையைப் பற்றி இஞ்சத்தை அரசாங்க ஆக்களிட்டை நாலு வார்த்தை சொல்லுவார்."

"அண்ணை, அவற்றை சொல்லை அவற்றை நாட்டிலையே இப்ப ஒருதரும் கேக்கினமில்லை."

"இருக்கட்டும். ஜனாதிபதி ஜனாதிபதிதானே."

எங்களிடம் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. ஒஸ்லோவுக்கு எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் அவரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும், அவர் யாரிடமாவது சொல்வார், அங்கே ஏதாவது நடக்கும். சிரிக்காதீர்கள். வேறு என்னதான் செய்திருக்க முடியும்?

கல்தேக் தானாகவே கூப்பிட்டார். "சனிக்கிழமை, வழக்கம் போல." சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. படகுத்துறையில் வைத்து அழைப்பைச் சொன்னேன். 'முன்னாள்' என்று சொல்லக்கூடாது, அப்படியென்றால் வருகிறேன் என்றார்.

எனக்கு உடனே வேறொரு பயம் வந்தது. தலைவரிடம் ஓடினேன். "அண்ணை, மாலை போடுங்கோ, அது காணும். பொன்னாடை மட்டும் வேண்டாம்."

"என்ன கதைக்கிறீர்? பொன்னாடை இல்லாமல் பிரதம விருந்தினரோ? சனம் என்ன நினைக்கும்?"

போர்வை விஷயத்தைச் சொல்லி விளங்கப்படுத்தினேன். அரைமனதோடு ஒத்துக்கொண்டார். வாங்கி வைத்த பொன்னாடையை நடன ஆசிரியைக்கு மாற்றிவிட்டார்கள்.

நிகழ்ச்சியை இரண்டு மொழியிலும் அறிவிப்பது என் மகள் மைதிலி. அவளிடமும் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா, அவர் இப்ப president இல்லையே. 'முன்னாள்' எண்டு சொல்லாட்டி அது பொய்யெல்லோ?"

"பொய்யில்லைப் பிள்ளை. ஒரு சொல்லைச் சொல்லாமல் விடுறம், அவ்வளவுதான்."

"அதுதான் பொலித்திக்," என்றாள். அரசியலுக்கு நோர்வேஜியச் சொல் அது.

காரின் டிக்கியில் இருந்தது

லோறென்ஸ்கூக்கில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். மேடைத் திரைக்குப் பின்னால் கூடைப்பந்து வளையம் எட்டிப் பார்த்தது. வெளியே பனி இளகிச் சேறாகிக் கிடந்ததால் மண்டபம் முழுக்க ஈரச் சப்பாத்து மணமும் வடை மணமும் கலந்திருந்தன. சலங்கை கட்டிய பிள்ளைகள் பக்கவாட்டில் சிணுங்கிக்கொண்டு நின்றார்கள். கல்தேக் முன்வரிசையில் கறுப்புக் கோட்டைக் கழற்றாமல், பால்தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சைத் தாளில் எழுதி வைத்திருந்தார். அது கோட்டுப் பைக்குள் இருந்தது.

மைதிலி ஒலிவாங்கி முன் வந்தாள். "இண்டைக்கு எங்களோடை தொல்மேரா நாட்டின் ஜனாதிபதி அவர்கள் வந்திருக்கிறார்," என்றாள். நோர்வேஜிய மொழியிலும் சொன்னாள்.

மண்டபம் அடங்கியது. பிறகு குசுகுசு என்று கிளம்பியது.

"ஜனாதிபதியோ? இப்ப இருக்கிற ஜனாதிபதியோ?"

"அப்பிடித்தானே பிள்ளை சொல்லுது."

"பொலிஸ் ஒண்டையும் காணேல்லை?"

"சின்ன நாடுபோலை."

நான் கடைசி வரிசைக்குப் பின்னால், தேத்தண்ணி மேசைப் பக்கம் நின்றேன். பக்கத்துக் கதவால் ஒருவர் அவசரமாக வெளியே போனதைக் கண்டேன். லில்லெஸ்ட்ரோம் கனகசபை அண்ணை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கனகசபை அண்ணையை ஒஸ்லோத் தமிழர் எல்லோருக்கும் தெரியும். எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை, எந்த விழாவுக்கும் வராமல் விடுவதில்லை. வந்த விருந்தினர் எல்லோருக்கும் தன் கையால் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து அல்பத்தில் ஒட்டி வைத்திருப்பவர். அவருடைய கார் டிக்கியில் மாற்றுச் சில்லும் பனி அள்ளும் சவலும் இருக்கும், பொலித்தீன் உறைக்குள் பொன்னாடையும் இருக்கும். எங்கள் ஆட்களின் மேடையில் இது ஒரு பெரிய வசதி. பொன்னாடையோடு ஏறுகிறவரை யாரும் மறிக்கமாட்டார்கள். சாதாரண விருந்தினர் என்றால் அன்று அவர் டிக்கி வரைக்கும் நடந்திருக்க மாட்டார். ஆனால் இப்போது வந்திருப்பவர் பதவியில் இருக்கும் ஜனாதிபதி. அப்படி ஒரு படம் அவருடைய அல்பத்தில் இல்லை.

கல்தேக் மேடை ஏறினார். தலைவர் மாலை போட்டார். கைதட்டினார்கள். கல்தேக் ஒலிவாங்கியை நெருங்கினார். அப்போது பக்கத்துப் படியால் கனகசபை அண்ணை ஏறுகிறார், கையில் மடிப்புக் கலையாத சிவப்புப் பொன்னாடை.

நான் ஓடினேன். கதிரைகளுக்கு நடுவே கைப்பைகளையும் குழந்தைகளையும் தாண்டி ஓடினேன். "அண்ணை, வேண்டாம்!" என்று கத்தியும் இருக்கிறேன். கைதட்டலில் அது எனக்கே கேட்கவில்லை. அண்ணை பொன்னாடையை உதறி விரித்தார். தங்கக் கரை விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்றது. எட்டிப் போர்த்திவிட்டார்.

பதவியில் இருக்கும் ஜனாதிபதிக்கு மரியாதை என்று முன்வரிசை எழுந்தது. அதைப் பார்த்துப் பின்வரிசை எழுந்தது. மண்டபமே எழுந்து நின்றது.

கல்தேக்கின் முகத்தில் இரத்தம் இல்லை. அவருடைய கை தோளுக்குப் போனது. இழுத்து எறியப்போகிறார் என்று நினைத்தேன்.

கை தோளிலேயே நின்றது. அவர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை இரண்டு கையும் கூப்பி, பல் முழுவதும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். "வணக்கம் ஐயா," என்றார். அந்த முகத்தில் வென்றவனுடைய சிரிப்பு இல்லை. படம் நன்றாக வந்தால் போதும் என்ற சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. கல்தேக் மண்டபத்தைப் பார்த்தார். எழுந்து நிற்கிற அத்தனை சனத்தையும், பட்டுச் சேலைகளையும், தூக்கத்தில் தோளில் கிடந்த குழந்தைகளையும் மெதுவாகப் பார்த்தார். ஒரு மரத்தடியில் நின்று பூ உதிர்வதைப் பார்க்கிறவர் போல நின்றார்.

பிறகு குளிர்கிறவர்கள் செய்வது போல, பொன்னாடையின் இரண்டு நுனியையும் நெஞ்சில் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தார். தன் மொழியில் ஒரு வாக்கியம் சொன்னார். ஒன்றே ஒன்றுதான்.

கல்லுப் படியில் தண்ணீர் தட்டியது. மண்டபத்தில் அது விளங்கியது எனக்கு மட்டும்தான்.

அவர் கோட்டுப் பையில் இருந்த தாளை எடுக்கவே இல்லை. படியால் இறங்கி வந்துவிட்டார். எங்கள் ஆட்கள் தட்டினார்களே ஒரு தட்டு! பிரதம விருந்தினர் ஒருவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை.

நான் அவர் பக்கத்தில் போய்க் குந்தினேன். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது, எனக்கும்தான்.

"மன்னியுங்கள். வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன்."

"யார் அந்த மனிதர்? எந்தக் கட்சி?"

"கட்சி இல்லை. படம் எடுக்க வந்தவர்."

"என்னிடமிருந்து ஒன்றையும் எடுக்கவில்லை," என்றார். "போட்டுவிட்டுப் போய்விட்டார்." பொன்னாடையை விரலால் தடவிப் பார்த்தார். "நான் பயந்த மாதிரிப் பாரம் இல்லை."

எப்படிப் பாரமாக இருக்கும்? சுத்தப் பொலியெஸ்டர். ஆனால் அதை நான் சொல்லவில்லை.

வீட்டுச் சத்தம்

சில நாட்களில் அவரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் வயல்களில் பனி திட்டுத் திட்டாகக் கரைந்துகொண்டிருந்தது. "அங்கே உண்மையான போர்வை இருக்கிறதே, அதற்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"போடட்டும். ஒருமுறை போட்டுப் பார்த்தாகிவிட்டது," என்றார். இம்முறை இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடிக் கதவுக்குள் அவர் நொண்டி நொண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. சந்தோஷமும் இருந்தது, ஆனால் பொறாமைதான் கூட. அதை ஒளித்து என்ன செய்ய?

கோடை தொடங்கும்போது ஒரு மத்தியானம் என் கைத்தொலைபேசி அடித்தது. தெரியாத நம்பர். நான் ரயில் நிலையத்து டாக்சி வரிசையில் நின்றேன்.

"நான்தான்," என்றார் கல்தேக். முற்றத்தில் போர்வை போட்டார்களாம். பொறியியலாளர் ஒரு சொல்லும் குத்தலாகச் சொல்லவில்லையாம், அதுதான் கொஞ்சம் ஏமாற்றம் என்றார். அங்கிருந்து வீட்டுக்கு நடந்தே போனாராம்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "அவருக்கு முகம் தெரிந்ததா?"

"கிழவனாகிவிட்டாய் என்றாள்," என்றார்.

பிறகு மீர்தாவிடம் கொடுத்தார். அவர் தன் மொழியில் கனநேரம் கதைத்தார். நான் "ஓம், ஓம்" என்று தமிழில் சொன்னேன். "நல்லா இருங்கோ அக்கா," என்றும் சொன்னேன். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை, ஆனால் ஒருவரும் நிறுத்தவில்லை. கடைசியில் அவர் ரிசீவரை வைத்தார். கண் மங்கியவர், சரியாக வைக்கவில்லை. தொடர்பு அறுபடாமல் கிடந்தது.

கதிரை இழுபட்டது. கோப்பையில் கரண்டி தட்டியது. கல்தேக் ஏதோ சொன்னார், மீர்தா சிரித்தார். யாரோ பாண் பிய்த்தார்கள். பிறகு ஒரு நீண்ட மௌனம், இரண்டு பேர் சாப்பிடும் மௌனம். முன்னால் நின்ற டாக்சி நகர்ந்தது, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். நான் வரிசையை விட்டு வெளியே எடுத்து, காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அவர்கள் சாப்பிட்டு முடியும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.